ரேம் வேறு, ஸ்டோரேஜ் வேறு: ஒன்றோடொன்று குழம்பும் கணினிச் சொற்கள்

கணினி பழகுகிறவர்களிடம் சொற்பொருள் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எளிய ஆங்கிலத்திலும் அப்படிப்பட்ட பட்டியல்கள் கிடைக்கின்றன, தமிழிலும் கிடைக்கின்றன. ரேம் என்றால் தற்காலிக நினைவகம், பிரவுசர் என்றால் உலாவி என்று வரிசையாகப் போகும். எல்லாவற்றையும் படித்து முடித்தவரிடம் "சரி, உங்கள் போன் ஏன் மெதுவாகிவிட்டது?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. வார இறுதிகளில் எங்கள் பகுதியில் பெரியவர்களுக்கும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் கணினி சொல்லிக் கொடுத்து வருகிறேன். யாரையும் ஒரு சொல் தனியாகக் குழப்பி நான் பார்த்ததில்லை, பக்கத்தில் நிற்கும் இன்னொரு சொல்லோடு சேர்ந்துகொண்டுதான் குழப்புகிறது. அந்தக் குழப்பத்தில்தான் காசும் போகிறது, படங்களும் போகின்றன. அதனால் இங்கே சொற்களை ஜோடி ஜோடியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

போன் பெட்டியின் மேல் 8 ஜிபி, 128 ஜிபி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் ஜிபியிலேயே அளப்பதால்தான் இத்தனை தகராறும். 128 என்பது ஸ்டோரேஜ். நீங்கள் எடுத்த படம், வீடியோ, நிறுவிய செயலி எல்லாம் போனை அணைத்தாலும் அங்கேயே கிடக்கும். 8 என்பது ரேம். இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிற செயலி தனக்கு வேண்டியதை அங்கே எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யும், மின்சாரம் நின்றால் அதில் இருந்தது மொத்தமும் போய்விடும். மணிக்கணக்காகத் தட்டச்சு செய்துவிட்டு சேவ் கொடுக்காமல் இருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் மறைந்துபோவது இதனால்தான், அதுவரை தட்டியது ரேமில்தான் இருந்தது, ஸ்டோரேஜான டிஸ்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை. இப்போது பல மென்பொருள்கள் தாமாகவே அவ்வப்போது சேமித்துக்கொள்கின்றன என்பது வேறு விஷயம்.

இந்த வித்தியாசம் தெரிந்தால் போனில் கோளாறு எங்கே என்று ஓரளவு நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பிரவுசரில் ஒரு கட்டுரையைப் பாதி படித்துவிட்டு வாட்ஸ்அப் பக்கம் போய்த் திரும்பி வந்தால் அந்தப் பக்கம் மறுபடி முதலிலிருந்து லோடு ஆகிறதா? ரேம் போதவில்லை. வேறு செயலிக்கு இடம் வேண்டும் என்று போன் அந்தப் பக்கத்தை ரேமிலிருந்து தூக்கிவிட்டது. இதற்காகப் பேரன் பேத்தி படங்களையெல்லாம் அழிப்பதில் எந்தப் பயனும் இல்லை. புதிய படம் எடுக்க முடியவில்லை, செயலி அப்டேட் ஆக மறுக்கிறது என்றால் அது ஸ்டோரேஜ் நிறைந்ததன் அடையாளம், அப்போது அழித்தால் பலன் உண்டு. ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிறைந்துவிட்டாலும் போன் தடுமாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது ஓரளவு காலி செய்தாலே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. சில போன் விளம்பரங்களில் 8 கூட்டல் 8, ஆக 16 ஜிபி ரேம் என்று போடுகிறார்கள். இரண்டாவது 8 ரேமே இல்லை, ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் போலப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பின்னணியில் சும்மா கிடக்கும் செயலிகளை அங்கே தள்ளி வைக்க உதவும், அவ்வளவுதான். இரண்டு போன்களை ஒப்பிடும்போது கூட்டலுக்கு முன்னால் இருக்கிற எண்ணை மட்டும் பாருங்கள்.

லேப்டாப்பில் இதே விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். மெமரி, அதாவது ரேம், எப்போதும் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியே நிற்கிறதா, ரேம் கூட்டலாம். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதில் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்ற, ஊசி போன்ற முனை அங்கும் இங்கும் ஓடித் தேடிப் படிக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் புதுவகை ஸ்டோரேஜான எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, எல்லாம் சில்லுதான். பழைய லேப்டாப்பைத் தூக்கி எறியலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்தச் செலவில் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைப்பதில்லை.

அடுத்த ஜோடி பிட், பைட். பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் இணைய வேகத்தை பிட்டிலும் கோப்பின் அளவை பைட்டிலும் சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது. எம்பிபிஎஸ் (Mbps) என்று எழுதும்போது எம்முக்கு அடுத்து வருவது ஆங்கிலச் சின்ன பி (b), அது பிட். கோப்பு அளவில் எம்பி (MB) என்று எழுதும்போது வருவது பெரிய பி (B), அது பைட். உங்கள் வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும். 1.5 ஜிபி படம் பதினைந்து நொடியில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, அது இரண்டு நிமிடம் எடுத்ததும் இணைப்புக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம்தான் சரியான கணக்கு.

1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிச் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிக்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஒரு லட்சம் கோடி பைட் என்கிறார், விண்டோஸ் 1,024 ஆல் வகுத்துக்கொண்டு போகிறது, இருப்பதென்னவோ அதே பைட்டுகள்தான். மேக் கணினியில் செருகினால் அதே டிஸ்க் 1 டிபி என்றே காட்டும்.

பைட் என்றதும் நம் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழை யூனிகோடில், அதாவது எல்லா மொழிக் குறிகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் முறையில் சேமிக்கும்போது, இன்று இணையம் முழுக்கப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகும். ஒவ்வொரு குறிக்கும் என்றுதான் சொன்னேன், ஒவ்வொரு எழுத்துக்கும் என்று சொல்லவில்லை. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. கணினி க் என்பதை க, மேலே ஒரு புள்ளி என இரண்டாகப் பிரித்து வைக்கிறது, ம் என்பதையும் அப்படியே. ஆக ஏழு குறி, 21 பைட். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரு புகைப்படத்துக்கு ஆகும் இடத்தில் பெரிய தமிழ் நாவலே அடங்கிவிடும். ஆனால் எஸ்எம்எஸ்ஸில் இது காசைத் தொடும். ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட். ஆங்கிலத்தை ஏழு பிட்டாகச் சுருக்கி 160 எழுத்து வரை அனுப்பலாம். தமிழ் என்று வந்துவிட்டால் குறிக்கு இரண்டு பைட் வீதம் 70 குறிதான், மெய்யெழுத்தும் கொம்பும் காலும் சேர்ந்து அந்த எழுபதை வேகமாகத் தின்றுவிடும். எழுபதைத் தாண்டினால் துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் 67 குறிதான், ஏனென்றால் துண்டுகளைத் திரும்ப வரிசையாக ஒட்டவும் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது. கோயில் திருவிழாவுக்கோ பள்ளிக்கூட அறிவிப்புக்கோ மொத்தமாகத் தமிழ் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாசகத்தைச் சுருக்கினால் செலவு பாதியாகும் வாய்ப்பு உண்டு.

வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் மிக அதிகம். வைஃபை என்பது உங்கள் போனுக்கும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டருக்கும் இடையே கம்பியில்லாமல் பேசும் ரேடியோ, அவ்வளவுதான். போனில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும், யூடியூப் ஓடாது. ரவுட்டர்வரை எல்லாம் நன்றாக இருக்கிறது, அதற்கு அப்பால் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய சிறு விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால் தெருவிலிருந்து வர வேண்டிய ஒளியே வரவில்லை, அப்போது போனை அணைத்து அணைத்துப் போடுவதில் எந்தப் பயனும் கிடையாது, இணைப்புக்காரரிடம் "எல்ஓஎஸ் சிவப்பு" என்று இரண்டு வார்த்தை சொன்னால் உடனே புரிந்துகொள்வார். மாறாக ரவுட்டர் பக்கத்தில் நின்றால் வேகம், படுக்கையறைக்குப் போனால் மெதுவு என்றால் அது வைஃபை சங்கதி. பல ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசையில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டத் திணறும். 2.4 கொஞ்சம் மெதுவு, ஆனால் தூரம் போகும்.

இன்டர்நெட், வெப் இரண்டையும்கூடக் கலந்து பேசுகிறோம். இன்டர்நெட் என்பது கணினிகளை இணைக்கும் கம்பிகளும் அவை பேசிக்கொள்ளும் விதிகளும். அந்த விதி 1983 ஜனவரி 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வெப் என்பது, அதாவது நாம் பிரவுசரில் திறக்கும் பக்கங்கள், அதன்மேல் ஓடுகிற பல சேவைகளில் ஒன்று, 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் முன்வைத்தது. மின்னஞ்சல் வெப்பைவிட மூத்தது, 1971லேயே வந்துவிட்டது. கம்பிகள் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், கடலடியில் கிடக்கும் உண்மையான கேபிள்கள்தான். இந்தியாவுக்குள் அவை கரையேறும் முக்கியமான இடங்களில் மும்பையும் சென்னையும் உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போடப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதுவரை போர்ட் பிளேயர்வாசிகள் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தார்கள். இன்டர்நெட் மேலே எங்கோ வானத்தில் மிதக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

கிளவுட் என்ற சொல்லும் அந்த எண்ணத்தைத்தான் வளர்க்கிறது. கிளவுடில் இருக்கிறது என்றால் வேறொருவருடைய கட்டடத்தில், வேறொருவருடைய டிஸ்க்கில் இருக்கிறது. அங்கேயும் இட வரம்பு உண்டு. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் பொது, 2021 ஜூன் முதல் போட்டோஸில் ஏறும் படங்களும் இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன, ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024லிருந்து இதில் சேர்ந்துவிட்டது. விளைவு என்ன தெரியுமா? கல்யாண வீடியோக்கள் 15 ஜிபியை நிரப்பியதும் மின்னஞ்சல் வருவது நின்றுவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணல் அழைப்பு வரவில்லை என்று காத்திருந்த ஒரு பையனுக்கு நடந்தது இதுதான். ஜிமெயிலில் கோளாறு என்று அவன் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தான், அடைத்துக்கொண்டிருந்ததோ போட்டோஸ்.

இனி சொல்லப்போகும் ஜோடிதான் மனதை அதிகம் நோகடிப்பது. சிங்க், பேக்கப். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி, இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கமும் நடக்கும். போனில் அழித்தால் கிளவுடிலும் அழியும். பேக்கப் என்பது தனியாக எடுத்து வைத்த பிரதி, மூலத்துக்கு என்ன ஆனாலும் அது அப்படியே இருக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் எல்லாம் ஏறிவிட்டது, இனி போனில் வேண்டாம் என்று நினைத்து அந்தச் செயலிக்குள்ளேயே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டிலீட் கொடுத்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று தனியாக ஒரு வழி இருக்கிறது, அது ஏற்கெனவே மேலே ஏறிய படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், நடப்பது முற்றிலும் வேறு. தவறி அழித்துவிட்டவர்கள் பதற வேண்டாம், உடனே குப்பைத் தொட்டியைப் பாருங்கள், மேலே ஏறியிருந்த படங்கள் 60 நாள் அங்கே இருக்கும், ஏறாதவை 30 நாள். அதற்குப் பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, கடைக்காரராலும் முடியாது. அதனால் மனதுக்கு நெருக்கமான படங்களை, இறந்துபோனவர்களின் படங்கள், குழந்தையின் முதல் வருடம் போன்றவற்றை, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முறை நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கழற்றி வைப்பது முக்கியம். செருகியே கிடக்கும் டிஸ்க்கைக் கணினியில் நுழையும் வைரஸும் தொட்டுவிடும்.

கேச், குக்கி. கேச் என்பது ஒரு முறை இறக்கிய படத்தையும் பக்கத்தையும் மறுபடி இறக்காமல் இருக்க வைத்துக்கொள்ளும் நகல், அழித்தால் நஷ்டம் எதுவும் இல்லை, திரும்ப இறங்கிக்கொள்ளும். குக்கி என்பது ஒரு தளம் உங்கள் பிரவுசரில் எழுதி வைக்கும் சிறு குறிப்பு. பக்கங்களை அனுப்பும் கணினியான வெப் சர்வருக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது, ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த நொடி நீங்கள் யார் என்று மறந்துவிடும். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் இருந்த லூ மாண்டுல்லி இந்த மறதிக்கு வழியாகக் கொண்டுவந்ததுதான் குக்கி. லாகின் நினைவில் இருப்பதும் கூடையில் போட்ட பொருள் அப்படியே இருப்பதும் இதனால்தான், ஒரு தளத்தில் செருப்பு பார்த்தால் போகிற இடமெல்லாம் செருப்பு விளம்பரம் துரத்துவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கிளியர் கேச், கிளியர் டேட்டா இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிடாதீர்கள், அந்தச் செயலி போனில் வைத்திருந்த எல்லாமே போய்விடும்.

பிரவுசரில் தனியாகத் திறக்கும் இன்காக்னிட்டோ சாளரம் பற்றி ஒரு வரி: நீங்கள் பார்த்தது அந்தக் கணினியின் வரலாற்றில் பதியாது, ஆனால் இணையம் தருகிற நிறுவனத்துக்கோ அலுவலக நெட்வொர்க்குக்கோ எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது மறையாது.

முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படத்தைப் பார்த்து "பாதுகாப்பான தளம்" என்று பலருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போவதை வழியில் யாரும் படிக்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பது அதற்குத் தெரியாது. இதற்கான சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது, மோசடித் தளமும் வாங்கிக்கொள்ளும். குரோம் 2023இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு படம் வைத்ததற்கு இந்தத் தவறான நம்பிக்கையே காரணம். பூட்டை விட்டுவிட்டு முகவரியைப் படியுங்கள், அதுவும் வலமிருந்து. வங்கி.காம்.பரிசு.இன்ஃபோ என்று ஒரு முகவரி வந்தால் முன்னால் இருக்கும் வங்கியைப் பார்த்து மயங்கக் கூடாது. தொடக்கத்தில் வரும் https:// போக, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது பரிசு.இன்ஃபோ, தளம் அவருடையது. இந்திய வங்கிகள் எல்லாம் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் இறுதிவரை கெடு வைத்தது நல்ல காரியம், அந்த முடிவெழுத்தை வங்கி தவிர வேறு யாரும் வாங்க முடியாது. வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஒன்றைக் கட்டாயம் காட்டிக் கொடுங்கள்.

கடைசி ஜோடி ஓடிபி, யுபிஐ பின். ஓடிபி என்பது ஒரு முறை மட்டும் செல்லும் எண், இந்தச் சிம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று காட்ட அனுப்பப்படுவது. யுபிஐ பின் நீங்களே வைத்துக்கொண்டது, அதைத் தட்டினால் "என் கணக்கிலிருந்து பணத்தை எடு" என்று உத்தரவிடுகிறீர்கள். பணம் உள்ளே வர யுபிஐ பின் எந்தக் காலத்திலும் தேவையில்லை. பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டவருக்கு "அம்மா, பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போட்டீங்கன்னா உங்க அக்கவுண்டுல ஏறிடும்" என்று போன் வரும். ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பதற்கு, பின் தட்டுவதும் கொடுப்பதற்கு. குரல் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் அந்த இடத்தில் போனை வைத்துவிட வேண்டியதுதான். அதே மாதிரி "ஓடிபியைச் சொல்ல வேண்டாம் சார், இந்தச் செயலியை மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொன்னால் அது உங்கள் திரையை அவர்கள் பார்ப்பதற்கான செயலியாக இருக்கலாம், ஓடிபி வந்ததும் நீங்கள் வாயே திறக்காமல் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், யாரிடமாவது ஆலோசனை கேட்டுவிட்டுப் பிறகு செய்யலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் பதியலாம். பேசுவதற்கு முன் யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க எண்ணையும், போன தொகையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.